தாழியா, தானியப் பானையா

“17-6-1979, ஞாயிறு. மேலநீலிதநல்லூர் சாலையில் சைக்கிளில் ஐம்பது நிமிடம்; பின்காற்று. சாலையிலிருந்து தெற்கே வண்டிப்பாதை. மேடு: கிழமேல் 62 தப்படி, தென்வடல் 48. உயரம் என் தோள் மட்டம். உச்சியில் கல்வட்டம், குறுக்களவு 11 தப்படி. கற்கள் 43. கிழக்கே ஒரு திறப்பு. வட்டத்துக்குள் மண் கருப்பு. பழங்கால ஈமக்காடு. சந்தேகமில்லை.”

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது. கடைசிச் சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்திருக்கிறேன். எழுத்து நீல மை, கோடு கறுப்பு மை. கோடு கிழித்தது சரியாக ஏழு நாள் கழித்து.

அப்போது நான் சங்கரன்கோவிலில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா. பழைய பத்திரத்துக்கு நகல் கேட்டு மனு வந்தால், பெரிய தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, ஓர் எழுத்து மாறாமல் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற குமாஸ்தாக்களுக்கு அலுப்பான வேலை. எனக்கு அதில் நான்கெல்லை சொல்லும் பகுதி மட்டும் மிகவும் பிடிக்கும். இன்ன ஓடைக்குக் கிழக்கு, இன்ன புளியமரத்துக்கு வடக்கு என்று வரும்போது, அந்த ஓடையும் மரமும் இப்போது இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள ஆசை வரும். அப்படி வந்தவற்றைத் தனியாக ஒரு நோட்டில் குறித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய்ப் பார்த்துவருவேன். பாதிக்கு மேல் இருக்காது. நூலகத்தில் வரலாறு, மண்ணியல், பழைய ஜில்லா விவரங்கள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்துவைத்திருந்தேன். அதனால் எனக்கு நிறையத் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது.

ஜூன் 14, வியாழக்கிழமை ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயது இருக்கும். மேலநீலிதநல்லூருக்கு இந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். பாட்டனார் வாங்கிய புஞ்சையில் கிணறு வெட்டத் தொடங்கியிருப்பதாகவும், மூலப் பத்திரம் கறையான் அரித்துவிட்டதால் நகல் வேண்டும் என்றும் சொன்னார். தொகுதியைப் பிரித்து எல்லைகளை வாசித்துக் காட்டினேன். கீழெல்லை ‘திரடு’ என்றிருந்தது. திரடு என்றால் மண்மேடு. அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதன் அடியில்தான் கிணறு வெட்டுகிறோம், ஆனால் வேலை நிற்கிறது என்றார். இடுப்பளவு ஆழம் போனதும் ஒரு பெரிய பானையின் விளிம்பு தட்டுப்பட்டதாம். எவ்வளவு கனம் என்று கேட்டேன். தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

போன பிறகுதான் அந்தக் கிணறு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. புஞ்சை முழுக்க வானத்தை நம்பியது. இரண்டு வருடமாக மழை தப்பியிருந்தது. குடிதண்ணீருக்கு விவசாயியின் மனைவி பக்கத்து ஊர் ஊருணிக்குப் போய்வந்தார். போக இரண்டு, வர இரண்டு என்று தினம் நாலு மைல் நடை. கிணறு வெட்டும் கூட்டத்தில் எட்டுப் பேர். ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்குள் வேலையை முடித்துவிட்டுத் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது. ஐப்பசி மழை வந்தால் அரைகுறைக் குழி சரிந்து தூர்ந்துபோகும். ஆகவே கிணறு இந்த ஆனியில் இல்லையென்றால் அடுத்த வருடம்தான்.

எட்டுப் பேரும் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குழியின் கிழக்குச் சுவரில் பானை விளிம்பு பிறை மாதிரி தெரிந்தது. சிவப்பு நிறம், நன்றாகச் சுட்டது, கழுத்தைச் சுற்றிக் கயிறு முறுக்கியது போல ஓர் அலங்காரம். விவசாயி அதைத் தானியப் பானை என்றார். பஞ்ச காலத்தில் கம்பையும் சோளத்தையும் பானையில் போட்டு மண்ணுக்குள் ஒளித்துவைப்பார்கள் என்று அவர் குடும்பத்தில் பேச்சு உண்டு. கூட்டத்தின் மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேள்விப்பட்டது வேறு. அந்தக் காலத்தில் மனிதர்கள் சாகாமல் வயதாகி வயதாகிச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவுக்கு வந்துவிடுவார்களாம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் பானைக்குள் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். அப்படிப்பட்ட பானையை உடைத்த ஒருவன் எழுந்திருக்கவே இல்லை என்று தன் பங்குக்குச் சேர்த்தார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேட்டின் மேல் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உச்சியில் அந்தக் கல்வட்டத்தைக் கண்டதும் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துவிட்டேன். புத்தகங்களில் படம் பார்த்திருக்கிறேன், பழங்காலத்தார் இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கல் நட்டுவைப்பார்கள் என்று. இதோ வட்டம். கிழக்கே திறப்பு, சூரியன் உதிக்கும் திசை. உள்ளே கறுத்த மண், எரித்ததற்கு அடையாளம். அங்கேயே நின்று உரக்கப் பேசத் தொடங்கினேன். இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாது என்றேன். இது போன்ற மேடு நம் தாலுகாவில் எங்கும் பதிவாகவில்லை என்றேன். காற்று என் பேச்சைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். மேஸ்திரி ஏறி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்பம் உள்ள ஆளு இருக்குன்னு சொல்லுதிய.”

“இருந்திருக்கும்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினார். நான் கற்களை எண்ணினேன். முதல் தடவை 42 வந்தது, மறுபடி எண்ணினேன், 43. இரண்டாம் தடவை எண்ணி முடித்து நிமிர்ந்தபோது உடைமர நிழலில் ஆள் இல்லை. கடப்பாறை, கயிறு, கூடை எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வண்டிப்பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். விவசாயி பாதி தூரம் கூடவே போய்ப் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் மனைவி குழியின் ஓரத்தில் நின்றிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர்.

“எட்டுப் பேரை ஒத்தச் சொல்லுல கெளப்பிட்டியளே தம்பி,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் செய்ததை எனக்குத் தெரிவிப்பது போலத்தான் சொன்னார்.

உண்மையைச் சொன்னால், அன்று அந்த வார்த்தை எனக்குள் சரியாகப் போகவில்லை. எதிர்காற்றில் இரண்டு மணி நேரம் மிதித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழி முழுக்க, திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்த விரிவுரையாளர் ஒருவருக்கு எழுத வேண்டிய கடிதத்தைத்தான் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். அவரை ஒரே ஒரு முறை ஒரு கூட்டத்தில் சந்தித்திருந்தேன். மறுநாள் நாலு பக்கம் எழுதி, படமும் வரைந்து, தபாலில் சேர்த்தேன்.

23ஆம் தேதி சனிக்கிழமை அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ஐந்து வரி. படம் தெளிவாக இருக்கிறது, நன்றி. பானை ஓடுகள் உதிர்ந்து கிடந்தால் இரண்டு மூன்று அனுப்புங்கள். கற்கள் ஒவ்வொன்றும் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கின்றன என்று பார்த்தீர்களா?

நான் பார்க்கவில்லை. குறுக்களவு எடுத்தேன், எண்ணினேன், திசை பார்த்தேன். ஒரு கல்லையாவது கையால் தொட்டு அசைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு மேட்டின் மேல் நின்றேன். முதல் கல்லைக் காலால் தள்ளினேன். உருண்டது. இரண்டாவதும் உருண்டது. கற்களுக்கு அடியில் காய்ந்த புல் நசுங்கிக் கிடந்தது. ஐந்தாவது கல்லைத் தள்ளும்போது பின்னால் குரல் கேட்டது.

“என்ன சார், எங்க அய்யா போட்டதை எல்லாம் உருட்டுதிய?”

ஆடு மேய்ப்பவர் ஒருவர். தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சுற்று வட்டாரப் புஞ்சைகளில் உரத்துக்காகக் கிடை போடுகிறவர். இரவில் ஆடுகளை வயலில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. இந்தப் பக்கத்துக் கரிசல் மழையில் சேறாகிவிடும். ஆட்டின் குளம்பு அழுகிவிடும். அதனால் மழை கனத்த ஒரு வருடம் அவருடைய அப்பா கிடையை மேட்டின் மேல் ஏற்றியிருக்கிறார். சுற்றி முள் வேலி. வேலி காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் கல். அடுத்தடுத்த வருடங்களிலும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். முள் மட்கிப்போனது, கல் மட்டும் இருக்கிறது. அவர் இதைச் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றாக என் நாட்குறிப்பில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழக்கே ஒரு திறப்பு இருக்கிறதே என்று கேட்டேன்.

“அது வாசல் சார். ஆடு உள்ள போகணும்லா?”

உள்ளே மண் கருப்பாக இருக்கிறதே என்றேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

“புழுக்கை மக்குனா மண்ணு கருக்காம வெளுக்குமா?” என்று கேட்டுவிட்டு, என் நாட்குறிப்பை எட்டிப் பார்த்தார். “நாப்பத்தி மூணுன்னா எழுதியிருக்கிய? அதுல ரெண்டு நான் போன மாசம் ஒக்காரப் போட்டது.”

அங்கேயே உட்கார்ந்து, பையிலிருந்த கறுப்புப் பேனாவால் அந்தக் கோட்டைக் கிழித்தேன். விரிவுரையாளருக்கு என்ன எழுதுவது என்பது ஒரு பக்கம் இருந்தது. வண்டிப்பாதையில் போன எட்டுப் பேர் அதைவிடப் பெரிய விஷயம் என்பது அப்போதுதான் சுட்டது.

விவசாயியின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். வட்டத்தைப் பற்றி நான் சொன்னது தவறு, அது ஆட்டுப் பட்டி என்றேன். விவசாயியின் முகம் மலர்ந்தது. அப்படியானால் பானை தானியப் பானைதான் என்றார். அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. கற்கள் ஆட்டுக்காரர் போட்டவை என்பதால் பானை யாருடையது என்று ஆகிவிடாது. பானை கற்களுக்கு ஓர் ஆள் மட்டத்துக்கும் கீழே, மேட்டின் அடியில் இருக்கிறது. தெரியவில்லை என்றேன். அவர் மனைவி ஊருணியிலிருந்து அப்போதுதான் வந்து குடத்தை இறக்கினார்.

“தெரியும்னு சொன்னப்பம் போனாவ. இப்பம் தெரியாதுன்னு சொன்னா வருவாவளா?” என்றார். “நீங்களே போய்ச் சொல்லுங்க தம்பி.”

நியாயம். புதன்கிழமை, 27ஆம் தேதி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விவசாயியுடன் பஸ் ஏறினேன். கிணற்றுக் கூட்டம் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தது. அங்கே மலை பக்கத்தில் தெரியும், சாரல் விழும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும். விவசாயி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்த வாய்க்காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி மேலே வந்து நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கல்வட்டம் பொய்யாகிப்போனதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. என் பேச்சின் மேல் அவருக்கு அக்கறையே இல்லை என்று தோன்றியது. கடைசியில் சொன்னார்:

“பேச்சு எதுக்கு சார்? நீங்க ரிஸ்தர் ஆபீஸ். அது தானியப் பானை, உள்ள ஆளு இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நாளைக்கே வாரோம்.”

பதிவு அலுவலகத்தில் வேலை செய்கிறவன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பதிவான மாதிரி. கல்லில் எழுத்து. நான் வெறும் நகல் குமாஸ்தா, என் கையெழுத்துக்கு அப்படி மதிப்பெல்லாம் கிடையாது என்று விளக்கினேன். மேஸ்திரி சிரித்தார், நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். விவசாயி சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். இதை எதிர்பார்த்தே வந்திருக்கிறார். அவரிடம் பேனாவும் இருந்தது.

தாளை முழங்காலின் மேல் விரித்துக்கொண்டேன். மேலே ‘27-6-1979’ என்று தேதி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. பானைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. பத்து நாளுக்கு முன்பு பார்க்காத ஒன்றைப் பார்த்தது போலச் சொல்லித்தான் இவர்களைக் கிளப்பினேன். இப்போது அதே மாதிரி இன்னொன்றைச் சொல்லித் திருப்பிக் கூட்டிவர வேண்டும். தாளை மடித்து விவசாயியிடமே கொடுத்தேன்.

திரும்பி வரும்போது சங்கரன்கோவில் பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஊர் நெருங்கும்போதுதான் வந்தார். “ஒரு வரி எழுதுனா யாருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டார். இறங்கும்போது ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது அழைப்பா, என்னைக் கழித்துவிடுவதற்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. போனேன்.

ஜூலை 1. நான் போய்ச் சேர்ந்தபோது விவசாயியின் மனைவி குழிக்குள் இறங்கி நின்றார். சேலையை வரிந்து கட்டியிருந்தார். கையில் களைக்கொத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், திறந்து பார்த்தால் தெரிந்துவிடுகிறது, இதற்குத் திருநெல்வேலிக்கு எதற்குக் கடிதம் என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கும் உள்ளூரப் பயம்தான். ஆட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுக் குழிக்கு மேலே நிறுத்தியிருந்தார். ஆட்டுக்காரர் நின்ற இடம் குழியிலிருந்து நல்ல தூரம்.

இப்படித் திறக்கக் கூடாது, அறிந்தவர்கள் வந்து முறையாகத் திறக்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அதை நான் சொன்னேன். எப்போது வருவார்கள் என்று அவர் கேட்டார். உடைக்காமல் மெதுவாக எடுக்க வேண்டும், எது எங்கே இருந்தது என்று நான் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

பானையின் வாயை ஒரு தட்டைக்கல் பாதி மூடியிருந்தது. அதை நகர்த்தினோம். உள்ளே மண் நிறைந்திருந்தது. வெளியே குழி மண் கட்டி கட்டியாக இருக்க, உள்ளே சலித்தது போலப் பொடியாக, உலர்ந்து இருந்தது. அதை அவர் கையாலேயே அள்ளி முறத்தில் போட்டார். ஒவ்வொரு கைப்பிடியையும் விரலால் பரப்பி உமி இருக்கிறதா, கதிர்க்காம்பு இருக்கிறதா என்று பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தானியம் புடைத்த கை. மூன்று முறம் மண் வந்தது. ஓர் உமி கூட இல்லை.

நாலாவது முறத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் கீழே சிவப்பு. துடைத்தபோது வழவழவென்று மின்னியது. எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு ஆட்டுக்காரர் இரண்டு அடி முன்னால் வந்தார். அடுத்து, துருவேறி ஊதிப்போன இரும்புத் துண்டு, கத்தியாக இருந்திருக்கலாம். அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் எலும்பு. அவர் அதைத் தொட்டார், கையை எடுத்தார். முறத்தில் இருந்த மண்ணை எல்லாம் திரும்பப் பானைக்குள்ளேயே மெதுவாகக் கொட்டினார்.

விவசாயி வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், அடுத்த வருடம்தான் என்றார். மேஸ்திரியைப் பற்றி, மழையைப் பற்றி ஏதேதோ சொன்னார். அவர் மனைவி கையில் ஒட்டியிருந்த அந்த மண்ணை விரல்களால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார்:

“எம்புட்டுக் காலமாக் கெடக்குன்னு தம்பி சொல்லுதாவ. பாருங்க, பொட்டுகூட ஈரமில்ல. செத்தவங்களைத் தண்ணிக்குள்ளயா கொண்டுபோய் வைப்பாவ? நனையாத எடமாப் பாத்துல்லா வச்சிருக்காவ. நீங்க அந்த எடத்துல வந்து தண்ணி தேடுதிய.”

“மாமா பாத்துச் சொன்ன எடம்,” என்றார் விவசாயி. நீரோட்டம் பார்த்துக் குறித்தது அவருடைய தாய்மாமன். கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு புஞ்சை முழுக்க நடந்து, மேட்டடியில் நின்றாராம்.

“அன்னைக்கு வெயிலு. ஒடமரத்து நெழலு அங்கனதான் விழுந்துச்சு. ஒங்க மாமா நெழலு கண்ட எடத்துல நின்னுட்டாவ.”

ஆட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். விவசாயி, மாமாவைச் சொல்லாதே என்று ஒரு தடவை சொன்னார். அதில் பலம் இல்லை. ஆட்டுக்காரர் தன் பங்குக்கு, கோடையிலும் ஆடு மண்ணை முகர்ந்துகொண்டு நிற்கிற இடம் தெற்கே ஓடையோரம் ஒன்று இருக்கிறது என்றார். அவர்கள் மூவரும் அங்கே நடந்தார்கள். நான் பின்னால் தப்படி எண்ணிக்கொண்டு போனேன். பானையிலிருந்து 94 தப்படி. என் தப்படி இரண்டரை அடி.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். அது அவங்களுக்கு வச்சது என்று விவசாயியின் மனைவி சொல்லிவிட்டார். படம் வரைந்துகொள்ள விட்டார். வெளியே உதிர்ந்து கிடந்த மூன்று ஓட்டுச் சில்லுகளை எடுத்துக்கொள்ளவும் விட்டார். தட்டைக்கல்லை வைத்து மூடி, மாலைக்குள் குழியை மூவரும் தூர்த்துவிட்டார்கள். நானும் நாற்பது கூடை மண் போட்டேன். மறுநாள் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை.

மேஸ்திரிக்கு எழுத்து வேண்டும். இந்த முறை எழுத என்னிடம் ஏதோ இருந்தது. ஓடையோரம் அவர்கள் குறித்த இடத்தில் ஒரு சதுரம் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தோம். நான் நாலு மூலையும் பார்த்தேன். அதே வெள்ளைத்தாள், பழைய தேதியை அடித்துவிட்டு எழுதினேன்: ‘1-7-1979 ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, திரட்டின் அடியிலிருந்து தெற்கே 94 தப்படி தள்ளி, ஓடையோரம் கிணற்றுக்குக் குறித்த இடத்தை முழங்கால் ஆழம் தோண்டி நேரில் பார்த்தேன். பானையோ ஓடோ எதுவும் தென்படவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். விவசாயி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்துவைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டம் வந்தது. நான் வேலை நாட்களில் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஆழத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். 8ஆம் தேதி ஓர் ஆள் மட்டம். 15ஆம் தேதி இரண்டரை. பிறகு சுக்கான் பாறை வந்து வேலை மெதுவானது. 22ஆம் தேதி நான் போனபோது ஊற்று வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. விவசாயியின் மனைவி செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்சம் சப்பென்று இருந்தது, உப்பு இல்லை. மாமா வந்து பார்த்துவிட்டு, குச்சி இந்தப் பக்கமும் ஆடியது என்று சொன்னதாக அவர் சொன்னார்.

விரிவுரையாளரின் இரண்டாவது அஞ்சலட்டை ஆகஸ்ட் 10 தேதியிட்டது. சில்லுகள் தாழிப் புதைப்புகளில் காணப்படும் வகையை ஒத்திருக்கின்றன என்றும், ஆனால் மேடு மனிதர் குவித்ததா, மண் இயற்கையாகவே அப்படி இருந்ததா என்பதை அகழ்ந்து பார்க்காமல் சொல்ல இயலாது என்றும் எழுதியிருந்தார். ஆட்டுப் பட்டியைப் பற்றி நான் எழுதியிருந்ததற்கு, ‘தாங்களே திருத்தி எழுதியது நன்று’ என்று ஒரு வரி. வர முயல்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது, வரவில்லை.

1980 தை மாதம் மேஸ்திரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். யாருடைய பத்திரத்துக்கோ சாட்சிக் கையெழுத்துப் போட. வேலை முடிந்ததும் என் மேஜைக்கு வந்து நின்று நலம் விசாரித்தார். அந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது, விவசாயி ஓரத்தில் மிளகாய் போட்டிருக்கிறார் என்றேன். நல்லது என்றார். போகத் திரும்பியவர் மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்து, பக்கத்துக் குமாஸ்தாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“அங்கனயும் ஒண்ணு கெடந்துச்சு சார். ரெண்டாள் ஆழத்துல, தென்மேல் மூலையில. கனமான விளிம்பு, இம்புட்டுத் துண்டு. மண்ணோட மண்ணா அள்ளிப் போட்டுட்டோம்.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இல்லன்னு நீங்கதான எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிய,” என்றார். “எழுத்துல இல்லன்னு இருக்கும்போது, இருக்குன்னு நாங்க எப்படிச் சொல்ல?”

முழங்கால் ஆழம்தான் பார்த்ததாக அதில் எழுதியிருந்தேன் என்று சொன்னேன். அதெல்லாம் சரிதான் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைக் கேலி செய்தாரா, உண்மையைச் சொன்னாரா என்று அவருடைய முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

கிணற்றிலிருந்து எடுத்த மண் அதன் மேற்குக் கரையில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதைக் கிளறிப் பார்க்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் கிளறினால் அந்த அம்மா வந்து என்ன தேடுகிறேன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் அவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி வந்துபோன தேதியில் இப்படிக் குறித்திருக்கிறேன்: ‘புதுக் கிணறு, தென்மேல் மூலை, இரண்டாள் ஆழம், தடித்த விளிம்புத் துண்டு ஒன்று. மேஸ்திரி வாய்மொழி. நான் பார்க்கவில்லை. சரிபார்க்கப்படவில்லை.’ அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் சேர்க்கவில்லை.